டானிக் விளம்பரத்தில் இரண்டு காதுகள்

‘தை மாதம் அச்சானது’ என்று படச் சட்டத்தின் பின்அட்டையில் பென்சிலால் எழுதியிருக்கிறது. ஆண்டு இல்லை. பழைய விளம்பரங்களைப் பற்றி எழுதத் தகவல் தேடி வந்த நான், மலேசியாவின் கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் நின்று அதை நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்குள் இருப்பது காய்ச்சல் டானிக் விளம்பரம். ‘முன்’ என்ற சொல்லின் கீழே கன்னம் ஒட்டிய பெண். ‘பின்’ என்பதன் கீழே அதே பெண் சதைபோட்டுச் சிரிக்கிறாள். அடியில் ‘கண்கண்ட உண்மை’.

பக்கத்தில் நிற்கும் வயதான பெண்மணி, "ரெண்டும் ஒரே ஆளு இல்லண்ணே," என்று ‘முன்’ படத்தைக் காட்டுகிறார். "இது எங்க பெரியம்மா. காது அறுந்திருக்கு பாருங்க. அது எங்க அம்மா, காய்ச்சலே வந்ததில்ல. எஸ்டேட்ல ரெண்டு பேரையும் நிக்க வெச்சு எடுத்தாங்களாம்."

‘பின்’ படத்தில் காது முழுதாக இருக்கிறது.

"காதையே ஒட்ட வெச்சிருக்கு, நல்ல மருந்துதான் லா!" என்று கடைக்காரர் சிரிக்கிறார்.

"பெரியம்மாவுக்கு வேற படமே இல்ல பாஸ். எனக்குக் குடுங்க."

"சுபாங் ஜெயால ஒரு கஃபேக்கு வித்தாச்சு அக்கா. லோரி வெளியே நிக்குது."

அந்தப் பெண்மணி தன் கைப்பேசியில் ‘முன்’ பாதியை மட்டும் படம் எடுக்கிறார். கண்ணாடியில் விளக்கு மின்னி முகம் மறைகிறது. என் நோட்டால் வெளிச்சத்தை மறைக்கிறேன். அறுந்த காது படத்தில் தெளிவாக விழுகிறது. முகம் சரியாக விழுவதற்குள் லோரிக்காரர்கள் சட்டத்தைத் தூக்கிவிடுகிறார்கள்.

பெரியம்மா இறந்தது ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள் என்கிறார் அந்தப் பெண்மணி. எந்த ஆண்டு என்று அவருக்கும் தெரியவில்லை. விளம்பரம் அச்சானபோது பெரியம்மா உயிரோடு இருந்தாரா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.