கூரையைத் தொடாத சுவர்

இன்று காலை மந்தின் ஊரில் என் வீட்டுப் படுக்கையறையைக் குளிரூட்டும் ஏர்கோனை மாற்ற இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். பழையதன் மூடியைக் கழற்றியதும் அந்த வாடை வந்தது. ஈரத்தூசி, பூஞ்சை, கொஞ்சம் பல்லி எச்சம். உங்களுக்கு அருவருப்பாக இருக்கும். எனக்கு அது என் இளமையின் வாடை. இன்னொருவர் ஏர்கோன் மாட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்னால் ஆகாத காரியம். ஏணியைப் பிடிக்கப் போனேன், ஸ்பேனரை எடுத்து நீட்டினேன், குழாயை அப்படி வளைக்காதீர்கள் என்றேன். கடைசியில் ஒருவர், "ஆன்ட்டி, நீங்க போயி டீ குடிங்கலா" என்று மரியாதையாகத் துரத்திவிட்டார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு இந்த இருப்புக்கொள்ளாமை லுக்குட்டில் வேலை பார்த்த நாளிலிருந்தே உண்டு. அங்கே ஒரு சீன முதலாளியின், எங்கள் வாயில் தவுக்கேயின், கடையில் நான் ஏர்கோன் மெக்கானிக். பெண் நான் ஒருத்திதான். வீடுகளுக்குப் போனால் கதவைத் திறப்பவர்கள் என் தோளுக்குப் பின்னால் ஆளைத் தேடுவார்கள். ஆள் நான்தான் என்று தெரிந்ததும் சிரிப்பார்கள். ஏணியில் ஏறியதும் சிரிப்பு நின்று, விழுந்து தொலைப்பேனோ என்ற பயம் வந்துவிடும். அந்தப் பயத்தில் பல வீடுகளில் எனக்கு நல்ல காப்பி கிடைத்திருக்கிறது.

தோட்டங்களில் அப்போது ஏர்கோன் என்றால் மேனேஜர் பங்களாவும் ஆபீசும்தான். தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து ஒருவர் ஏர்கோன் கேட்கிறார் என்றதும் தவுக்கேவே நம்பவில்லை. கேட்டவர் முனியாண்டி, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் கோலாலம்பூரில். ஒருமுறை பேரனைத் தூக்கிக்கொண்டு மகள் வந்தபோது, தகரக் கூரையின் புழுக்கத்தில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டு, அழுது அழுது, வந்த அன்றே திரும்பிவிட்டார்கள். அதன்பிறகு வரவில்லை. இந்தத் தீபாவளிக்குப் பேரன் ஒரு ராத்திரியாவது தன் வீட்டில் தூங்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் வேலை செய்த நேரமெல்லாம் மனிதர் உட்காரவே இல்லை. எனக்கிருந்த படபடப்பு போதாதென்று அவருடையதும் சேர்ந்துகொண்டது.

மாட்டி முடித்து ஓடவிட்டேன். காற்று ஜில்லென்று வந்தது, அறை மட்டும் குளிரவில்லை. கேஸ் பார்த்தேன், ஃபில்டர் பார்த்தேன், குழாயைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. வேர்த்து வழிந்துகொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு லெட்சுமியக்காவின் குரல் சுவருக்கு மேலே வந்தது.

"பிள்ள, எங்க வீட்டுக்குமா ஏர்கோன் போடுற? இங்க சில்லுன்னு வருதே."

அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும், அதற்கு மேல் எல்லா வீட்டுக்கும் ஒரே காற்றுதான். நானும் பகாவ் பக்கம் அப்படி ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த இடைவெளி வழியாகத்தான் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கருவாட்டு மணமும் புருஷன் பெண்சாதி சண்டையும் வந்து சேரும். பார்த்துப் பார்த்துப் பழகியதால் அது ஓர் ஓட்டை என்றே என் கண்ணுக்குப் படவில்லை. டவுனில் வளர்ந்த எவனாவது வந்திருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பான்.

போனில் தவுக்கே கத்தினார். பிளைவுட் அடித்துச் சுவரை மூடு, இல்லாவிட்டால் ஏர்கோனைக் கழற்றிக்கொண்டு வா என்றார். நான் அதைச் சொன்னதும் முனியாண்டி அன்றைக்கு முதன்முறையாக உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கதையைச் சொன்னார். அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். லெட்சுமியக்கா தினமும் விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, எந்திரிச்சிட்டீங்களா?" என்று குரல் கொடுப்பார். இவர் "ம்ம்" என்பார். ஒருநாள் அந்த "ம்ம்" வரவில்லை. அக்கா முக்காலி போட்டு ஏறி எட்டிப் பார்த்திருக்கிறார். இவர் தரையில் கிடந்திருக்கிறார். சுவர் ஏறிக் குதித்து, வாயில் சீனித் தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைத்தது அந்த அம்மாள்தான்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் லெட்சுமியக்கா அந்தப் பக்கமிருந்தே தீர்ப்புச் சொன்னார். "மூடிருங்கண்ணே. பேரன் வரட்டும். நான் வாசப்பக்கமா வந்து தட்டுறேன்."

"தாப்பா போட்டுட்டு நான் உள்ள கெடந்தா, நீ தட்டி என்னா செய்ய?" என்றார் முனியாண்டி. பிறகு என்னைப் பார்த்து, "எனக்குப் பேரனும் வேணும், இதுவும் வேணும். ரெண்டுல ஒன்னுன்னு மட்டும் கேக்காத பிள்ள" என்றார். நான் ஸ்பேனரைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வழி சொன்னதும் லெட்சுமியக்காதான். கோயில் பந்தல் கித்தான் சும்மாதானே கிடக்கிறது, அதை இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கூரைக்கு அடியில் கட்டினால் என்ன? அவருடையது லயத்தின் கடைசி வீடு. முனியாண்டிக்கு மறுபக்கத்து வீடு காலி. காலி வீட்டுப் பக்கம் பிளைவுட் அடித்தோம், கூரையோரச் சந்துகளில் கோணிச்சாக்கு திணித்தோம், கோயிலில் கேட்டு வாங்கிய கித்தானை இழுத்துக் கட்டினோம். நடுச்சுவருக்கு மேல் இடைவெளி அப்படியே இருந்தது. தவுக்கே தலையிலடித்துக்கொண்டு கொஞ்சம் பெரிய ஏர்கோனாக மாற்றிக் கொடுத்தார். ஒரு ஏர்கோன், இரண்டு வீடு.

தீபாவளியன்று எனக்குப் பலகாரம் இறங்கவில்லை. குளிருமோ குளிராதோ, கித்தான் அவிழ்ந்து பிள்ளை மேல் விழுந்து தொலைக்குமோ என்று ஒரே யோசனை. மறுநாள் விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன். வாசலில் மகள் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். போர்வைக்குள் பேரன், பக்கத்தில் முனியாண்டி. சுவருக்கு மேலே ரகசியம் பேசுவதுபோல் குரல் வந்தது, "அண்ணே, எந்திரிச்சிட்டீங்களா?" அவர் அசையாமல் படுத்தபடி, "ம்ம். மெதுவாலா, பேரன் தூங்குறான்" என்றார். எத்தனையோ ஏர்கோன் மாட்டியிருக்கிறேன், அன்றைக்குப் பட்ட சந்தோஷம் வேறெதிலும் படவில்லை.

அந்த லயம் இப்போது இல்லை. தோட்டத்தை விற்று, அங்கே வீடமைப்புத் திட்டம் வந்தது. முனியாண்டிக்குக் கல்வீடு ஒன்று கிடைத்தது. லெட்சுமியக்கா மகனோடு பகாவுக்குப் போய்விட்டார். கல்வீட்டுக்குப் புது ஏர்கோன் நான்தான் மாட்டினேன். கொஞ்ச நாளில், குளிரவில்லை என்று முனியாண்டி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஏர்கோன் ஓடுகிறது, பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னல் விரியத் திறந்து கிடக்கிறது. நான் மூடினேன். அவர் எழுந்து வந்து திறந்தார்.

"இங்க யாருங்கய்யா கூப்பிடப் போறாங்க? அக்காதான் பகாவுல இருக்காங்களே" என்றேன்.

"தெரியும் பிள்ள. மூடிட்டா தூக்கம் வரமாட்டேங்குது."

ஏர்கோனில் கோளாறு ஒன்றுமில்லை ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். போன மாதம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். அவருடைய கல்வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அந்த ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள்.