பசு குடிக்காத தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓசூரில் என் மாமனார் கட்டிய வீட்டின் சமையலறையைப் புதுப்பித்தோம். பழைய ஓடுகளையும் மரச்சட்டங்களையும் வீணாக்காமல் மறுபடி பயன்படுத்தினோம். கூரையில் விழும் மழைநீரைச் சமையலுக்குப் பிடித்துவைக்க, தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கொழுந்தன் அங்கிருந்து ஓர் இரும்புப் பேரலைக் கொண்டுவந்து பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்தான்.

புது அடுப்பில் பால் காய்ச்சும் நாளன்று, வழக்கப்படி பக்கத்து வீட்டுப் பசுவை அழைத்துவந்து, பேரல் தண்ணீரை முதலில் அதற்கு வைத்தேன். பசு மோந்து பார்த்துவிட்டுத் தலையை உதறிப் பின்வாங்கியது.

“புது சமையக்கட்டுத் தண்ணியாச்சே அண்ணி, மாட்டுக்கு வெக்கம்!” என்று கொழுந்தன் சிரித்தான்.

நான் குனிந்து மோந்தேன். மாந்தோப்புக்கு அடிக்கும் பூச்சி மருந்தின் நெடி. கரண்டிக் காம்பால் பேரலின் பெயிண்டைச் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில், விஷம் என்று காட்டும் சிவப்பு மண்டையோட்டுப் படம் இருந்தது.

“இதைப் பாத்துட்டேதான் பெயிண்ட் அடிச்சியா?”

“சமையக்கட்டுல அசிங்கமா இருக்குமேன்னுதான் அண்ணி. சோப்பு போட்டுக் கழுவுனனே!”

கூடத்தில் குழந்தைகள் பாயசத்துக்குக் காத்திருந்தார்கள். பேரலை உடனே அப்புறப்படுத்தச் சொன்னேன்.

“சரி, வேற யாருனா கேட்டா குடுத்துடறேன்” என்றான்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. காலி செய்த பேரலைக் கவிழ்க்கச் சொல்லி, அவன் கண்ணெதிரே கடப்பாரையால் அடிப்பாகத்தைக் குத்திக் கிழித்தேன். வந்திருந்தவர்கள் அவனை விட்டுவிட்டு என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்போது சமையல் தண்ணீருக்குச் சிமென்ட் தொட்டிதான். மருந்து இருந்த டின் எதுவும் ஓட்டை விழாமல் எங்கள் வாசலைத் தாண்டி வெளியே போவதில்லை.