கம்பிக்காது கேட்டதும் சொல்லாததும்

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் திறந்துவிடுகிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்பிக்காது என்றால்தான் தெரியும். நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி வைத்திருப்பார். அதன் ஒரு முனையை வால்வு மூடியின் மேல் ஊன்றி, மறு முனையை வலது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பூமிக்கு அடியில் குழாயில் தண்ணீர் எப்படி ஓடுகிறது, எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். இடது காது சின்ன வயதிலேயே சீழ் பிடித்துக் கெட்டுப்போனது. "ஒரு காது போனதுலதான் இன்னொண்ணு இவ்ளோ கூர்மை. வீட்ல சம்சாரத்த எப்பவும் இடது பக்கமா உக்கார வச்சுருவேன்" என்று குழாயடியில் பெண்களைச் சிரிக்க வைப்பார்.

அவரைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் கிடையாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டு வயதில் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டப் போனவன். இன்றைக்கு இந்தக் குடியிருப்பில் பாதி வீட்டு வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் என் கையால் பற்றவைத்தவை. மூன்று மாடி வீடு, சொந்தப் பட்டறை, பதினோரு வருடமாகக் குடியிருப்போர் சங்கத் தலைவர். எதிர்த்து நிற்க ஒருத்தனும் வரவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவர் இங்கே வந்தது பள்ளம் தோண்டுகிற கூலியாக. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரம் எங்கேயோ கசிவு, மூன்று நாள் தோண்டியும் அகப்படவில்லை. கடப்பாரையைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இங்கதான் சார், ரெண்டு முழம் ஆழம்" என்றார். என்ஜினியர் சிரித்தார். தோண்டினால் ஒன்றே முக்கால் முழத்தில் தண்ணீர் பீச்சி அடித்தது. "கால் முழம் கொறையுது, கூலில புடிச்சுராதீங்க" என்றாராம். அன்றைக்கே அவரை வால்வு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. ஒரு நாள்கூட மூன்று மணித் தண்ணீர் மூன்று ஐந்துக்கு வந்ததில்லை.

தினமும் திறப்பதற்கு முன் மேல்நிலைத் தொட்டியின் அடியில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டு திரவம் விட்டு, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். மஞ்சள் நிறம் வந்தால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். நோட்டில் டிக் போடுவார். தினமும் மஞ்சள் வந்தது. தினமும் டிக் விழுந்தது.

அப்படி டிக் விழுந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில்தான், கடைசித் தெருவில் தையற்காரரின் மகளுக்கு வாந்தி கண்டது. ஆறு வயதுப் பிள்ளை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனது, சாயந்திரம் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் அதே தெருவில் இன்னும் நான்கு பேர். அதற்கு மறுநாள் ஏழு. மற்றவர்கள் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் சிறுநீர் நின்றுவிட்டது, கண் உள்ளே போய்விட்டது, டாக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை என்று செய்தி வந்தது.

தெருவே மாறிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்று பார்த்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் வந்தது. அதுதான் பயம். கலங்கலாக வந்தால் கொட்டிவிடலாம். நாற்றம் அடித்தால் மூக்கைப் பொத்தலாம். நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரும் ஒரே முகத்தோடு வந்தால் என்ன செய்வது? தாய்மார்கள் பிள்ளைகளைப் பல் தேய்க்க விடவில்லை. ஒருத்தி குளித்துவிட்டு வந்த மகனின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே அழுதாள்.

கம்பிக்காது கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு முதல் முறையாகக் கடைசித் தெருவுக்குப் போனார். நானும் தலைவன் என்ற முறையில் கூடப் போனேன். சொட்டு விட்டார். வெயிலுக்குத் தூக்கினார். நிறம் வரவில்லை. இன்னொரு வீட்டில் பிடித்தார். அதிலும் வரவில்லை. கண்ணாடிக் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தொட்டில மஞ்சளா இருக்கு, இங்க வெள்ளையா இருக்கு. நடுவுல எங்கயோ சாக்கடை உள்ள போகுது தலைவரே. குளோரின அது தின்னுட்டு வருது. இத்தன வருசமா தொட்டிக்கடியிலயே டிக் போட்டுட்டு இருந்திருக்கேன்."

என்ஜினியர் வந்தார். கடைசித் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு லாரித் தண்ணீர் அனுப்பினார். அந்தத் தெருவைத் தோண்டச் சொன்னார். இரண்டு நாள் தோண்டினார்கள். குழாய் புதுப் பெண் மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. "நாளைக்குத் தொறந்து விட்ருவோம், லாரிச் செலவுக்கு மேலிடத்துல கேள்வி கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்குத் திறந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் என்று எல்லோரும் பேசினார்கள். நான் மட்டும் வீட்டுக்கு நடையைக் கட்டினேன். ஏன் என்று இதுவரை நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. தரைத்தொட்டியும் மெதுவாகத்தான் நிரம்பியது. நான் தெருக் குழாயிலிருந்து வருகிற லைனிலேயே நேராக ஒரு மோட்டாரை மாட்டிவிட்டேன். அப்படி மாட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். கூட்டத்தில் மைக் பிடித்து, "லைனில் மோட்டார் வைப்பவர் சமுதாயத் துரோகி" என்று பேசியவனே நான்தான். வாசலுக்கு உள்ளே பள்ளம் எடுத்து மோட்டாரை இறக்கி, மேலே இரும்பு மூடி போட்டு, மூடியின் மேல் செடித்தொட்டி வைத்தேன். மூடி அவ்வளவு சுத்தமான வேலை. விளிம்பில் நகம் நுழையாது. கரண்டுக்காரன் மீட்டர் பார்க்க வந்து அதன் ஓரத்திலேயே ஏறி நின்றுவிட்டுப் போயிருக்கிறான். தினமும் மூன்று மணிக்கு என் வீட்டுக்காரி பொத்தானைப் போடுவாள். அரை மணி நேரத்தில் எல்லாத் தொட்டியும் நிரம்பிவிடும். குடிக்கிற தண்ணீருக்குச் சமையலறையில் சுத்திகரிப்பு மெஷின் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு, கடைசித் தெரு வால்வை மட்டும் இன்னும் திறக்காமல், என் வீட்டிலிருந்து பத்தடி தள்ளி இருக்கிற வால்வு மேல் கம்பிக்காது கம்பியை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தலைவரே, ஒரு நிமிசம் இதுல காத வைங்க."

"எனக்கு என்னப்பா தெரியும் அதுல?"

"தெரியும். வைங்க."

வைத்தேன். முதலில் சளசளவென்று தண்ணீர் ஓடுகிற சத்தம். பிறகு, என் வீட்டுக்குள் வீட்டுக்காரி பொத்தானைப் போட்டிருக்க வேண்டும், அதன் மேலே ஒரு ரீங்காரம் ஏறியது. வண்டு ஒன்று கம்பிக்குள்ளேயே உட்கார்ந்து கத்துவது போல. தண்ணீர்ச் சத்தம் இழுபட்டு மெலிந்துபோனது. நான் கம்பியைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ரெண்டு வருசமா கேக்குறேன்" என்றார் மெதுவாக.

"ஏன்யா சொல்லல?" கம்பியில் காதை வைத்தபடியே கேட்டேன்.

"யார்கிட்ட சொல்ல? புகாரு வந்தா தலைவர் கையெழுத்து வேணும். தலைவர் நீங்க. எனக்கு வேலைய நிரந்தரம் பண்ண எழுதிக் குடுத்ததும் நீங்க. பெரிய மனுசன், மூணாவது மாடிக்கு ஏறல போல, போகட்டும்னு விட்டேன். உங்கள மட்டும் சொல்லல தலைவரே. காதுல கேட்டுட்டு வாய மூடிட்டு இருந்தவன் நான். அந்தப் புள்ள பொழைக்கலைன்னா…"

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? உள்ளே ஓடிப் போய் மோட்டாரைக் கழற்றிப் பட்டறையில் போட்டுவிட வேண்டும். பழைய இரும்போடு இரும்பாகக் கிடக்கும். யாருக்கும் தெரியாது. அதையே சொன்னேன்.

"இப்பவே கழட்டிடுறேன். விசயம் முடிஞ்சது."

"முடியாது. மோட்டாரு இழுக்குதுன்னா எங்கேயோ ஓட்ட வழியாத்தான் சாக்கடைய இழுக்குது. மோட்டார கழட்டிட்டா ஓட்ட அங்கேயேதான் இருக்கும். நாளைக்கு கரண்டு போயி தொட்டி காலியானா லைன் அதுவா உறிஞ்சும். உள்ள இழுக்குற ஓட்ட என் காதுக்குக் கேக்காது, அது எங்கன்னு கண்டுபுடிக்க உங்க மோட்டாரு ஓடணும். எல்லாருக்கும் முன்னாடி ஓடணும்."

"எல்லாருக்கும் முன்னாடியா?"

"சாக்கடைப் பக்கம் ஆள் வேணும், உங்க வீட்டுக்குள்ள ஆள் வேணும். நான் ஒத்தைக் காதுக்காரன், எத்தன எடத்துல நிப்பேன்?"

வெல்டிங் பொறி கண்ணில் பட்டபோது பயப்படாதவன் நான். கூரையிலிருந்து விழுந்து இரண்டு விலா எலும்பு முறிந்தபோதும் பீடி கேட்டவன். அன்றைக்கு என் வாசற்படியில் கால் ஏறவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் மோட்டாரை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என் கையாலதானேங்க தெனமும் போட்டேன். நம்ம மெஷின் இருக்குன்னு நெனச்சேன். அவங்க வீட்டுல மெஷின் இல்லையேன்னு நெனைக்கலையே" என்றாள்.

செடித்தொட்டியை நானே தூக்கி ஓரமாக வைத்தேன். மூடியைத் திறந்து போட்டேன். தெருவில் நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் வாங்க. லைன்ல மோட்டார் வச்சிருந்தவன் நான்தான்" என்று கத்தினேன். கூட்டத்தில் பேசுகிற குரல் வரவில்லை. யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இஸ்திரிக் கடைக்காரர் மட்டும், "தலைவரு மூடிய நல்லாத்தான் அடிச்சிருக்காரு" என்றார். பதினோரு வருடத்தில் எனக்கு விழுந்த ஒரே செருப்படி அதுதான்.

கம்பிக்காது துணிக்குப் போடுகிற நீலம் நாலு பாட்டில் வாங்கி வரச் சொன்னார். எங்கள் தெருவில் குழாய் சாக்கடையைக் கடக்கிற இடம் இரண்டு. முதல் இடத்தில் மண் மூட்டை போட்டுச் சாக்கடையைத் தேக்கி, இரண்டு பாட்டிலை ஊற்றினார். மோட்டாரைப் போட்டோம். தரைத்தொட்டியில் விழுகிற தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்தபடி குனிந்து நின்றேன். பத்து நிமிடம். வெள்ளையாகவே விழுந்தது. கூட்டத்தில் யாரோ மூச்சுவிட்டார்கள். நான் விடவில்லை.

இரண்டாவது இடம் என் வீட்டுக்கு நாலு வீடு முன்னால், சின்னப் பாலத்துக்கு அடியில். மிச்ச இரண்டு பாட்டிலையும் ஊற்றினார். திரும்பவும் மோட்டார். ஒன்று, இரண்டு என்று விநாடி எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபதோ எண்பதோ வந்தபோது வாளித் தண்ணீரில் ஒரு நூல் மாதிரி நீலம் இறங்கியது. அடுத்த நூல். பிறகு வாளி முழுக்க.

நான் பார்த்ததில் அவ்வளவு பயங்கரமான நிறம் வேறில்லை. இரண்டு வருடமாக அது நிறம் இல்லாமல் வந்திருக்கிறது. நான் என் தொட்டியை நிரப்பிவிட்டு நிறுத்தியதும், லைனில் மிச்சம் நின்றது அப்படியே இறங்கிக் கடைசித் தெருவுக்குப் போயிருக்கிறது. தையற்காரர் வீட்டுக் குழாய்க்கு. அந்தப் பிள்ளையின் டம்ளருக்கு.

வீட்டுக்காரி வாளியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பாலத்துக்கு அடியில் தோண்டியபோது குழாய் இணைப்பு இரண்டு விரல் அகலத்துக்குப் பிளந்து கிடந்தது; பழைய கீறல் அந்த வாரம்தான் முழுசாக விட்டிருக்கிறது என்றார் என்ஜினியர். இருட்டுவதற்குள் மாற்றினார்கள். என்ஜினியர் எழுதிய அறிக்கையின் கீழே கம்பிக்காது தானாகவே ஒரு வரி எழுதினார்: மோட்டார் சத்தம் எனக்கு முன்பே தெரியும், நான் சொல்லவில்லை. "இத எதுக்குய்யா எழுதுற, வேலை போயிரும்" என்றார் என்ஜினியர். "எழுதலைன்னா தூக்கம் போயிரும் சார்" என்றார் இவர். அதற்குக் கீழே நானும் என் கையெழுத்தைப் போட்டேன். என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். அன்றைக்கு இன்னும் கோணல்.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு வாசலில் நீ முதலில் போ, நீங்க முதல்ல போங்க என்று நின்றுகொண்டிருந்தோம். தையற்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். செய்தி அவருக்கு எட்டிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆறு நாள் தாடி. நான் கைகூப்பினேன்.

"உங்க வீட்டு ஜன்னலுக்குத் திரை தச்சுக் குடுத்தேன் போன மாசம்" என்றார் அவர். அவ்வளவுதான்.

பிள்ளை கட்டிலில் பழந்துணி மாதிரிக் கிடந்தது. கையில் ஊசி, தலைக்கு மேல் பாட்டில். விடியற்காலையில் கொஞ்சம் சிறுநீர் போனதாக அதன் அம்மா சொன்னாள். அப்போது பிள்ளை கண்ணைத் திறந்தது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"அம்மா… தண்ணி."

இந்த ஆறு நாளில் அது வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. நர்ஸ், "காய்ச்சி ஆற வச்சது, ஒரு வாய் குடுங்க" என்று கூஜாவைக் காட்டினாள். அம்மா டம்ளரில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு நின்றுவிட்டாள். கை முன்னால் போகவில்லை. தையற்காரரைப் பார்த்தாள். அவர் நர்ஸைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கம்பிக்காதைப் பார்த்தார்.

"குடுக்கலாமாண்ணே?"

இருபத்தாறு வருடம் எங்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மனிதர் கையை நீட்டினார். டம்ளரை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். விழுங்கினார். பிறகு டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பிள்ளை திரும்பவும் தண்ணி என்றது.