மூன்று தடித்த பேட்டரிகள்

ஏசி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போட்டுவிடுகிறீர்கள். கடிகாரம் பத்தேகாலிலேயே நிற்கிறது. யார் என்று கேட்டால் அண்ணன் தங்கையைக் காட்டுகிறான், தங்கை அண்ணனைக் காட்டுகிறாள். இதற்கு மட்டும் அப்பா ஏன் திட்டுவதில்லை என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். திட்ட எனக்கு வாயில்லை. நேரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. என் அப்பா துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். எங்களுக்கு அவர் வெள்ளிக்கிழமை போனில் வரும் குரல். அந்த வருடக் கோடை விடுமுறைக்குத்தான் அம்மாவையும் என்னையும் விசிட் விசாவில் வரவழைத்தார். ஒர்க்‌ஷாப்பின் பின்னால் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார் அரபாப். அங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள்.

மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து அரபாப் ஒரு பழைய சிஎன்சி மில்லிங் மெஷினை இரும்பு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். நாம் கொடுக்கும் எண்களைப் படித்து, அதன்படி தானாகவே இரும்பைச் செதுக்கும் மெஷின் அது. வந்தபோது அசையவே இல்லையாம். கிரீஸ் கல்லாக இறுகிக் கிடந்தது. டூட்டி முடிந்தபின் அப்பா அதோடு மல்லுக்கட்டினார். சுத்தம் செய்து ஓட்டினால், இரும்பை வைத்து நகரும் அதன் மேசை இடப்பக்கம் போகும்போது மட்டும் நின்றுவிடும். எல்லாரும் மோட்டார் போச்சு என்றார்கள். அப்பா ஒரு வாரம் தேடி, மேசையோடு சேர்ந்து மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளே அறுந்துபோன ஒரு வயரைக் கண்டுபிடித்தார்.

அரபாப் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை செராமிக் கம்பெனி இன்ஜினியர் வருவார், அவர் முன்னால் மெஷின் ஓர் அச்சு வெட்டிக் காட்டிவிட்டால் அவர்கள் வேலை இங்கே வரும், அப்பாதான் ஃபோர்மேன். விசாவில் ஃபோர்மேன் என்று விழுந்தால் குடும்பத்தைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். அம்மா அதற்குள் பக்கத்தில் பள்ளிக்கூடம் எது என்று விசாரித்துவிட்டாள்.

புதன்கிழமை அப்பா மெஷின் ஆனில் இருக்கும்போதே பின்னாலிருந்த சிறு பெட்டியைத் திறந்து பழைய பேட்டரிகளை எடுத்தார். டார்ச் லைட்டில் போடுவோமே, அந்தத் தடித்த பேட்டரிதான். புதிதாக மூன்றை எடுத்து ஒவ்வொன்றிலும் மார்க்கரால் தேதி எழுதி உள்ளே வைத்தார்.

"கரண்ட்டுதான் இருக்கேப்பா, பேட்டரி எதுக்கு?" என்றேன்.

"ஆஃப் பண்ணுனா இதுக்கு எல்லாம் மறந்துபோகும்டா. மறக்காம இருக்கத்தான் இது."

மெஷினுக்கு ஞாபகமாவது என்று சிரித்துவிட்டு ஓடிவிட்டேன்.

எனக்கு ஒரு பொம்மை லாரி வாங்கிக் கொடுத்திருந்தார். கல்குவாரி லாரி போலவே மஞ்சளாக, பின்பக்கம் தூக்கிக் கொட்டும். அதற்கும் அதே மாதிரி மூன்று பேட்டரிகள். வியாழக்கிழமை லாரி நின்றுவிட்டது. "சனிக்கிழமை வாங்கித் தர்றேன்" என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை லீவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் கண்ணயர்ந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் யாரும் இல்லை. மெஷின் ஆஃப்பில் கிடந்தது. சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து என் செத்த பேட்டரிகளை அதில் வைத்து, அதிலிருந்த புதுசை லாரியில் போட்டுக்கொண்டேன். இடத்தைக் காலியாக விடாமல் பதிலுக்கு வைத்ததால் அது திருட்டே இல்லை என்றும் தோன்றியது.

சனிக்கிழமை காலை இன்ஜினியர் வந்து நின்றார். அப்பா ஆன் செய்தார். திரையில் சிவப்பு எழுத்துகளாக வந்தன. மெஷின் எதற்கும் அசையவில்லை. தன் மேசை எவ்வளவு நீளம் என்பதைக்கூட மறந்துபோயிருந்தது. அப்பா பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார். கதவோரம் நின்றிருந்த என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் மாத்துனேன். பவர் ஆஃப்ல மாத்திட்டேன்" என்று அரபாபிடம் ஹிந்தியில் சொன்னார். லேத்தில் நின்ற தூத்துக்குடி அண்ணாச்சிக்காகத் தமிழிலும் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னவே இது? நேத்து வந்த ஹெல்பர்கூட ஆஃப்ல மாத்த மாட்டானேவே."

"ஆமா அண்ணாச்சி. மறதி."

"மெஷினுக்கா, உமக்கா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அரபாப் கத்தவில்லை. "கலாஸ்", முடிந்தது என்று மட்டும் அரபியில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மெஷின் மறந்த எண்களில் பாதி அதன் கதவில் ஒட்டியிருந்த எண்ணெய் படிந்த தாளிலும், மீதி அப்பாவின் நோட்டிலும் இருந்தன. நாலு நாள், மதிய இடைவேளையில், நான் வாசிக்க அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"நிதானமா வாசி. ஒரு நம்பர் தப்பினா மேசை எங்கேயாவது போய் முட்டும்."

நூற்றுக்கணக்கான எண்கள். ஒவ்வொரு இரண்டு எண்ணுக்கும் நடுவில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும்.

"அப்பா."

"என்னடா?"

"அடுத்தது பூஜ்யம்."

புதன்கிழமை மெஷின் ஓடியது. அண்ணாச்சிகூட வந்து தடவிப் பார்த்து, "பட்டு மாதிரி வெட்டுதுவே" என்றார். ஆனால் செராமிக் கம்பெனி வேலை அதற்குள் ஷார்ஜாவுக்குப் போய்விட்டது. ஃபோர்மேனாக வேறொருவர் வந்தார். விடுமுறை முடிந்து நானும் அம்மாவும் லாரியோடு ஊர் திரும்பினோம். அதன்பிறகு அப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்தார். பதினொரு வருடம்.

இப்போது புஜைராவில் நானும் அப்படிப்பட்ட மெஷின்களோடுதான் இருக்கிறேன். பேட்டரி மாற்றும்போது பவர் ஆனில் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்க்கிறேன். தேதி எழுதுகிறேன். ஆஃப்பில் மாற்றினேன் என்று இந்தத் தொழிலில் ஒருவன் தன் வாயால் சொன்னால் அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் அவன் பேச்சு எடுபடாது. தேதி எழுதாத பேட்டரி உள்ளே இருந்தால், பெட்டியைத் திறந்த கணமே தெரிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், சொன்னபடியே அப்பா கடைக்குப் போய் மூன்று தடித்த பேட்டரிகள் வாங்கி வந்தார். "இந்தா, லாரிக்குக் கேட்டியே" என்று என் கையில் வைத்தார். லாரியைத் திறந்து பார்க்கவில்லை. நான் அவற்றை வாங்கிக்கொண்டு, நல்லவேளை, அப்பாவுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன்.