தாடி வைத்த சம்மனசு

தொண்ணூறுகளில், டொரொண்டோ அருங்காட்சியகமொன்றில் பைசாந்திய ஓவியங்கள் இருந்த அறைக்கு ஒரு யாழ்ப்பாணத்தவர் காவலராக நின்றார். மெலிந்தவர்; சீருடைக் கோட்டு அவருக்குப் பெரிது. பார்வையாளரோடு கதைக்க அனுமதியில்லாததால், முகத்தைத் திருப்பாமல் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே பேசுவார்.

பொன் பின்னணியில் சிறகோடு நின்ற ஓர் உருவத்தின் கீழே ‘ஏஞ்சல்’, அதாவது சம்மனசு, என்று போட்டிருந்ததை வாசித்துக்கொண்டு நின்றேன்.

"தாடி வைச்ச சம்மனசை எங்கையும் கண்டிருக்கிறியளே, தங்கச்சி? உது யேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்த அருளப்பர். பைசாந்தியர் அவருக்கும் சிறகு கீறுறவை. பக்கத்தில கிரேக்கத்தில பேரே கிடக்கு."

"நீங்கள் மேலிடத்துக்குச் சொல்லேல்லையோ?"

"மூண்டு தரம் சொன்னன். வாசலைப் பார் எண்டு சொல்லுகினம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வேண்டாமென்று தடுத்தும், காவலர்தான் சொன்னார் என்றே பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் போனபோது பெயரைத் திருத்தியிருந்தார்கள். அறையில் வேறொருவர் நின்றார். பழைய காவலரை வாகனத் தரிப்பிட வாசலில், கொட்டும் பனிக்குள் கண்டேன்.

"பேரை மாத்திப்போட்டினம், அண்ணை."

"எழுத்துப் பிழையில்லாமல் போட்டிருக்கினமே?" என்று மட்டும் கேட்டார்.

என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.