றோசலின் அக்கா வாசித்த அறிவித்தல்

சாவுச் செய்தி வந்தபோது நான் மாலைச் செபமாலையில் பாதியில் இருந்தேன். மருமகள் கைபேசியோடு குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"மாமி, றோசலின் அன்ரி மோசம் போயிட்டாவாம்."

என் மனதில் முதலில் எழுந்தது செபம் அல்ல. இனி அறிவித்தலை யார் வாசிப்பது என்ற கேள்விதான். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அக்காவை அறிந்த உங்களிடமும் இந்த மலரில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பங்கு வானொலி தொடங்கியபோது தூண்களில் கட்டிய நாலு ஒலிபெருக்கிகள்தான் இருந்தன. இப்போதுபோல் கைபேசியில் கேட்கிற வசதி இல்லை. கடற்றொழிலாளர் சங்கத்தின் மாடி அறையில், எதிரொலி வராமலிருக்க, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியது அக்காவும் நானும்தான். காலையில் காற்று நிலவரம், பின்னேரம் செபமாலை, இடையில் மரண அறிவித்தல். வாசிக்க ஆள் தேடி பங்குச் சுவாமி எங்கள் இருவரிடமும் ஒரே தாளைத் தந்தார். நான் ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்தேன். அக்கா இரண்டு இடத்தில் தடுக்கினாலும் அந்தக் குரல் நெஞ்சில் இறங்கியது.

"றோசலின் வாசிக்கட்டும். திரேசா, நீர் எழுதும்" என்றார் சுவாமி.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். பழைய பத்திரிகைகளின் அறிவித்தல்களைப் பார்த்துத்தான் எழுதப் பழகினேன். மக்கள், மருமக்கள், மைத்துனர் என்று ஒருவர் விடாமல் விசாரித்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவேன். ஆனால் சந்தையில் பெண்கள் பிடிப்பது அக்காவின் கையை.

"என்ரை அம்மான்ரை அறிவித்தலைக் கேட்டு அழாத சனமில்லையக்கா. என்ன வசனம்!"

"எழுதினது இவதான்" என்று அக்கா ஒவ்வொரு தரமும் என்னைக் காட்டுவார். அவர்கள் மீன் பையோடு நிற்கும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி அவரிடமே திரும்புவார்கள். அவர் காட்டாமல் விட்டிருந்தால் எனக்குக் கோபிக்கவாவது முடிந்திருக்கும்.

எங்கள் ஊர் அந்தோனி அண்ணை இறந்தபோது, 'காலஞ்சென்றவர்களான சூசை, மரியம்மா தம்பதிகளின் மகனும்' என்று எழுதிக் கொடுத்தேன். தகப்பன்தான் காலஞ்சென்றவர். தாய் தொண்டைமானாறு ஊரில் மகளோடு உயிரோடு இருந்தார். அக்கா அதை அப்படியே மூன்று தரம் வாசித்தார். பின்னேரம் மரியம்மா ஆச்சி மரணவீட்டிலிருந்து முச்சக்கரவண்டியில் வந்திறங்கி, மூச்சிரைக்க மாடிப்படி ஏறினார்.

"என்னைச் சாக்காட்டினது ஆர்? பிள்ளையைப் பறிகுடுத்திட்டு இருக்கிறன். சனம் வந்து, ஆச்சின்ரை சவப்பெட்டி எங்கை எண்டு கேக்குது!"

பதிவுப் புத்தகம் என் மடியில் இருந்தது. அக்கா எழுந்து போய் ஆச்சியின் காலடியில் தரையில் இருந்தார்.

"நான்தான் ஆச்சி. வாசிக்கேக்கை வாய் பிசகிட்டுது. அடிக்கிறதெண்டால் அடியுங்கோ."

ஆச்சி அடிக்கவில்லை. அவரைக் கட்டிப்பிடித்து மகனுக்காக அழுதார். பிறகு அக்கா ஆச்சியைக் கைத்தாங்கலாக ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தினார். "நான் உசிரோடைதான் இருக்கிறன். என்ரை மோன்தான் போயிட்டான்" என்று ஆச்சி சொன்னதைக் கேட்டு ஊரே அழுதது. றோசலினுடைய மனது யாருக்கு வரும் என்று தெருவெல்லாம் கதைத்தார்கள். என் பிழையிலும் பேர் அவருக்கே கிடைத்தது.

படி இறங்கும்போது கேட்டேன். "ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உம்மடை எழுத்தை ஆக்கள் நம்பாமல் விட்டால் நான் என்னத்தை வாசிக்கிறது? கெதியா வாரும், மழை வரப்போகுது."

நான் நன்றி சொல்லவில்லை. எரிச்சலாக இருந்தது. குரல் கடவுள் கொடுத்தது என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். அந்தக் காலடியில் போய் இருப்பதற்குக் குரல் தேவையில்லை. என்னாலும் முடிந்திருக்கும். நான் செய்யவில்லை.

அக்காவின் அறிவித்தலை நானே எழுதி, சுவாமி கேட்டபடி நானே வாசித்தேன். "நல்லாய்த்தான் வாசிச்சியள் மாமி. எண்டாலும் றோசலின் அன்ரி மாதிரி வராது" என்றாள் மருமகள். அது உண்மை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் அந்தோனி அண்ணையின் பிள்ளைகளே, அன்று பிசகியது அக்காவின் வாய் அல்ல, என் கை. இத்தனை காலம் அவர் பேரில் கிடந்த பிழையை இன்று என் பேருக்கு எடுத்துக்கொள்கிறேன். இதோடு பொறாமையும் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அதையும் நானே வைத்திருக்கிறேன்.