ஆறு கட்டைவிரல்களும் ஒரு தேரும்

போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. எங்கள் பல்கலைக்கழகத்தின் பூட்டிய கேட்டுக்கு வெளியே, கையில் புரொஜெக்டர் வயரோடு நின்றுகொண்டிருந்தேன்.

வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், இன்னிக்குப் போயி வந்துருக்கீங்க?"

"மீட்டிங் இருக்குங்க."

"வீராம்பட்டணம் தேரு சார் இன்னிக்கு! லோக்கல் லீவு!"

ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் பிடிக்கிற தேர். புதுச்சேரியில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

சொல்கிறேன்.

வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்காக எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுமம் இருக்கிறது. அதை வழிநடத்த ஏழு பேர் கொண்ட ஸ்டியரிங் கமிட்டி. சம்பளம் கிடையாது, கட்டாயமும் கிடையாது. எல்லோரும் தன்னார்வலர்கள். தலைவர் — அடியேன். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் கூட்டம் முடிந்ததும் கடைசியாக எழுந்தவன் நான், அதனால் என் தலையில் விழுந்தது.

தன்னார்வக் குழுவில் ஒரு சங்கடம் உண்டு. யாரையும் அதட்ட முடியாது. யாரும் யாரையும் மறுத்துப் பேசவும் மாட்டார்கள். ஓசியில் உழைக்கிறவரிடம் போய் 'உங்கள் யோசனை சரியில்லை' என்று எந்த வாயால் சொல்வது? அதனால் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வழக்கம். யார் எதைப் போட்டாலும் ஆளுக்கொரு கட்டைவிரல். அவ்வளவுதான், தீர்மானம் நிறைவேறிவிட்டது. சிலர் படித்துவிட்டுக்கூடப் போடுவார்கள்!

இந்த மாதக் கூட்டத்துக்குத் தேதி பார்த்தவர் கம்ப்யூட்டர் துறைப் பேராசிரியர் சம்பத். ஏழு பேருடைய டிஜிட்டல் காலண்டர்களையும் ஒன்றாக இணைத்தார். அரசு விடுமுறைகளையும் சேர்த்தார். 'ஏழு பேருக்கும் வகுப்பில்லாத ஒரே நாள் இந்த வெள்ளிதான்' என்று அறிவித்தார். விழுந்தன கட்டைவிரல்கள்.

ஒரே நாளில் ஏழு பேருக்கும் எப்படி வகுப்பில்லாமல் போனது? அன்றைக்கு உள்ளூர் லீவு, அதனால்தான் டைம்டேபிளில் வகுப்பே இல்லை என்று யாராவது யோசித்தோமா? அந்தக் காலண்டருக்கு டெல்லி விடுமுறை எல்லாம் அத்துப்படி. நம் ஊர்த் தேர் தெரியாது. என் வீட்டுச் சமையலறையில் தொங்குகிற தினசரிக் காலண்டருக்குத் தெரியும். அதை நான் நான்கு நாட்களாகக் கிழிக்கவில்லை.

கேட்டுக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தபோது சம்பத் போன் செய்தார்.

"சார், லிங்க் இன்னும் வரலியே?"

"என்ன லிங்க்? மீட்டிங் நேர்லதானே சார்!"

"லீவு நாளாச்சே... ஆன்லைன்னு நெனச்சு உக்காந்துருக்கேன்."

"லீவுன்னு தெரியுமா? தேதி குறிச்சதே நீங்கதானே?"

"இன்னிக்குக் காலைலதான் சார் தெரிஞ்சுது. குறிச்சது காலண்டரு..."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். தன்னார்வலர். மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கலையரசியின் ஞாபகம் வந்து பகீர் என்றது. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர், கெஸ்ட் லெக்சரர். அன்றைய கூட்டமே அவருக்காகத்தான். சேதராப்பட்டு தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்கிற மாணவர்களுக்காக, பாடங்களை நாலு நாலு நிமிட வாய்ஸ் நோட்டுகளாகப் பதிவு செய்திருந்தார். பஸ்ஸில் போகிறபோது கேட்டுக்கொள்ளலாம். சக ஆசிரியர்கள் முன்னால் அவர் செய்து காட்டப்போகிற முதல் டெமோ. ஒரு மாத உழைப்பு.

சொந்த ஊர்? வீராம்பட்டினமேதான்.

போன் போட்டேன். பின்னணியில் மேளச் சத்தம்.

"வந்துட்டே இருக்கேன் சார். பஸ்ஸெல்லாம் திருப்பி விட்டுட்டாங்க. ஊரே தேருக்கு உள்ள போவுது, நான் மட்டும் எதிர்ல வர்றேன். அரியாங்குப்பம் போயிட்டா ஆட்டோ கெடைக்கும்."

"மேடம், அங்கேயே நில்லுங்க. மீட்டிங் இல்ல, கேட்டே பூட்டியிருக்கு. உங்க ஊருத் தேரு... உங்களுக்குத் தெரியாதா?"

"மொதல்லயே தெரியும் சார்."

"பின்ன ஏன் சொல்லல?"

"ஆறு பேரும் கட்டைவிரல் போட்டுட்டீங்க. எல்லாம் பெரியவங்க. நான் வந்து ரெண்டு மாசம்கூட ஆவல. வேணாம்னு எப்படி சார் சொல்றது? நானும் போட்டுட்டேன்." மேளச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "அண்ணன் கொழந்தைக்கு இன்னிக்குக் கோயில்ல மொட்டை. இருந்துட்டுப் போன்னு அம்மா சொன்னாங்க. நான்தான் கேக்காம கெளம்பிட்டேன். நான் கமிட்டிலேர்ந்து விலகிக்கறேன் சார். வாயத் தொறக்காம உக்கார்றதுக்கு எதுக்கு சார் ஒரு ஆளு?"

"முதல்ல கோயிலுக்குப் போங்க மேடம், அப்பறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. கூச்சப்படுகிற மாணவர்களும் கேள்வி கேட்க என்னென்ன ஆப் இருக்கிறது என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் நாங்கள். எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கு 'வேணாம் சார்' என்று ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை!

இரண்டு நாள் எனக்கு எங்கேயும் உட்கார முடியவில்லை. கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவை எத்தனை முறை சுற்றினேன் என்று எதிர்வீட்டு நாய்க்குத்தான் தெரியும். அந்தப் பெண் போய்விட்டால், அப்புறம் அந்தக் குழு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் எழுதினேன்: 'வெள்ளிக்கிழமைத் தவறுக்கு நானே பொறுப்பு. இனி எந்த முடிவானாலும் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அதுவரை மற்றவர்கள் கட்டைவிரல் போடக் கூடாது. கலையரசி மேடத்தின் டெமோவை வருகிற புதன்கிழமை வைக்கலாமா?'

ஒரே நிமிடம். ஆறு கட்டைவிரல்கள்.

தலையில் அடித்துக்கொண்டேன். கலையரசி டைப் செய்துகொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. விலகல் கடிதம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வந்தது: 'புதன் வேணாம் சார், எனக்கு கிளாஸ் இருக்கு. வியாழன் வைங்க. அப்பறம் ஒண்ணு... நான் இன்னும் பதிலே சொல்லல, அதுக்குள்ள ஆறு விரலா?'

ஒவ்வொன்றாகக் கட்டைவிரல்கள் மறைந்தன. அவசர அவசரமாக முதலில் எடுத்தது நான்தான் — என் பதிவுக்கு நானே போட்டுக்கொண்டது!